கயிற்றின் மறுமுனை

நம் விமர்சனத்தில் 'புகைப்படத்தனம்' என்பது ஒரு வசைச்சொல். ஒரு நாவல் பிடிக்காதபோது, இருப்பதை இருந்தபடி பதிவு செய்திருக்கிறது, அதற்குமேல் ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போய்விடுகிறோம். இதில் நாவலுக்கு நியாயம் கிடைக்கிறதோ இல்லையோ, புகைப்படத்துக்குக் கிடைப்பதில்லை. காமிரா எந்தக் காலத்திலும் இருப்பதை இருந்தபடி பதிவு செய்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு எந்த மேல்நாட்டுத் தத்துவாசிரியரின் தயவும் வேண்டாம். வளர்ப்பு நாயைத் திறந்தவெளியில் படம் பிடித்து வந்திருக்கிற சரித்திரம் போதும். அற்ப விஷயம்தான். பெரிய விஷயங்களில் எல்லாரும் ஜாக்கிரதையாக இருந்துவிடுகிறார்கள்.

மனிதன் காமிராவைக் கண்டதும் தானாகவே விறைத்துக்கொள்கிறான். கட்டிடமும் மலையும் நகரப்போவதில்லை. நாய்க்கோ தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்ற பிரக்ஞையே கிடையாது. ஆனால் வளர்க்கிறவன் குரல் கேட்டால் காதைத் திருப்பும். அதாவது, படத்துக்கு ஒத்துழைக்காத, படத்தை விரும்புகிறவனுக்கு மட்டும் ஒத்துழைக்கிற ஒரு ஜீவன். அதை நிறுத்திவைக்க என்ன செய்தார்கள், யார் செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

1838-ல் டாகேர் பாரிஸில் ஒரு மேல்மாடி ஜன்னலிலிருந்து கீழே இருந்த அகன்ற வீதியைப் படம் எடுத்தார். பட்டப்பகல். நாடகக் கொட்டகைகள் நிறைந்த, சந்தடி ஓயாத வீதி. படத்திலோ ஒரு வண்டி இல்லை, ஒரு கூட்டம் இல்லை. தகடு ஒளியை உள்வாங்கச் சில நிமிஷங்கள் பிடித்ததால் நடந்தவை, ஓடியவை எல்லாம் அழிந்துபோயின. ஓரத்தில் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் நின்ற மனிதர் ஒருவர் மட்டும் தங்கினார். அவர் காலடியில் குனிந்திருப்பவன் அரைகுறையாக. முதன்முதலில் புகைப்படத்தில் அகப்பட்ட மனிதன் என்று இவரைத்தான் காட்டுகிறார்கள். வேலை செய்தவன் கலங்கலாகவும் செய்துகொண்டவர் தெளிவாகவும் தெரிவது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வீதியில் நாய்கள் போயிருந்தால் (போகாமலா இருக்கும்) அவை காற்றோடு போயின. புகைப்படம் தன் சரித்திரத்தை ஒரு வீதியையே காலிசெய்து ஆரம்பித்தது என்பதை 'இருந்தபடி பதிவு' என்கிற நம் நண்பர்கள் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

1851-ல் ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையை வெளியிட்டார். நிமிஷங்கள் விநாடிகளாயின. ஆனால் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியாக வேண்டும். வெளியே போய் எடுப்பதென்றால் இருட்டுக் கூடாரத்தையும் சுமந்துகொண்டு போகவேண்டும். அந்த மருந்துக்கு நீலம்தான் தெரியும், சிவப்பு தெரியாது. ஆகவே ஆகாயம் வெள்ளைக் காகிதமாயிற்று. செம்பட்டை நாய் கறுப்பு நாயாயிற்று. மின்சார விளக்கு வராத காலம், வெயில்தான் விளக்கு. அந்த வெயிலில் ஒரு நாயைச் சில விநாடிகள் அசையாமல் வைக்க மூன்று வழிகள் இருந்தன: தூங்கட்டும் என்று காத்திருப்பது, கட்டிப்போடுவது, யாராவது பிடித்துக்கொள்வது. அந்த நூற்றாண்டின் நாய்ப் படங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஒன்று. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்.

அதற்குமுன் ஒரு நாய். 1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பீகிங்குக்கு வெளியே இருந்த சீனச் சக்கரவர்த்தியின் கோடை அரண்மனையைக் கொள்ளையடித்தன. பிறகு எல்ஜின் பிரபுவின் உத்தரவின்பேரில் அதை எரித்தார்கள். அந்தப் படையெடுப்பில் சீக்கியர்களும் பஞ்சாபிக் குதிரைப் படையினரும் மட்டுமல்ல, நம் மதராஸ் சாப்பர்ஸ் கம்பெனிகளும் இருந்தன என்பதை இடையில் சொல்லிவிடுகிறேன். கொள்ளையில் ஜான் ஹார்ட் டன் என்ற காப்டனுக்குச் சின்னஞ்சிறு பீகிங் நாய் ஒன்று கிடைத்தது. 1861-ல் இங்கிலாந்து திரும்பியதும் அதை விக்டோரியா மகாராணிக்குக் கொடுத்தார். அதற்கு அங்கே வைத்த பெயர் லூட்டி.

மறைக்கவில்லை, வெட்கப்படவில்லை. கொள்ளைக்கு ஆங்கிலத்தில் வழங்குகிற சொல்லே இந்துஸ்தானியிலிருந்து போனது. நம் நாட்டில் கற்றுக்கொண்ட சொல்லைச் சீனாவில் எடுத்த நாய்க்குச் சூட்டி விண்ட்ஸர் மாளிகையில் கூப்பிட்டார்கள். தமிழ்க் காதுக்கு அது குழந்தைகள் அடிக்கிற லூட்டியாகக் கேட்பது இன்னொரு வேடிக்கை. மகாராணியின் நாய்களை வரைந்துவந்த கெய்ல் அதே வருஷம் அதை ஓவியமாகத் தீட்டினார். எவ்வளவு சிறியது என்று தெரியவேண்டும், பக்கத்தில் ஏதாவது வையுங்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டதாம். ஒரு ஜாடியை வைத்தார். 1865-ல் வில்லியம் பாம்பிரிட்ஜ் அதைப் புகைப்படம் எடுத்தார். விண்ட்ஸரில் அரச குடும்பத்து நாய்களை வரிசையாகப் படம் எடுத்துவந்தவர் அவர். 1872-ல் லூட்டி இறந்தது.

இதே படையெடுப்போடு ஒரு புகைப்படக்காரரும் போயிருந்தார்: ஃபெலீச்சே பெயாட்டோ. லக்னோவில் 1857-ன் சிதிலங்களை எடுத்துவிட்டு இந்தியாவிலிருந்து சீனா போனவர். 1860 ஆகஸ்டில் டாகு கோட்டை விழுந்ததும் உள்ளே கிடந்த சீனச் சிப்பாய்களின் சடலங்களைப் படம் எடுத்தார். எடுத்து முடிக்கும்வரை யாரும் பிணங்களைத் தொடக்கூடாது என்று கேட்டுக்கொண்டதாக உடனிருந்த ராணுவ டாக்டர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஈரத் தகட்டுக்கு இறந்தவர்களைப்போல உத்தமமான ஒத்துழைப்பு வேறு யார் தரமுடியும்? ஒரே போர், ஒரே ரசாயனம். ஒருபக்கம் பெயரில்லாத பிணங்கள், இன்னொருபக்கம் பெயரிட்ட நாய். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போதுதான் லூட்டியின் படம் என்ன சொல்கிறது என்பது எனக்குப் பிடிபட்டது. தனியாகப் பார்த்தால் அது ஒரு செல்ல நாயின் படம்.

இனி, பிடித்துக்கொண்டவன். இந்தியாவில் வாழ்ந்த துரைமார் குடும்பங்களின் ஆல்பங்கள் இன்று பல நூலகங்களில் இருக்கின்றன. புரட்டினால் பங்களாவின் வராந்தாப் படி, புல்தரை, பிரம்பு நாற்காலி, டெரியர் நாய். நாயின் கழுத்துவாரை அல்லது சங்கிலியைப் பிடித்தபடி ஓரத்தில் ஒரு தலைப்பாகைக்காரன், சில சமயம் சட்டத்துக்குள் கை மட்டும். நாய் பார்த்துக்கொள்ளவே வேலைக்கு வைத்த ஆள். 1886-ல் வந்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' அகராதியில் அவனுக்கு 'டோரியா' என்று பதிவு இருக்கிறது: டோரி என்றால் கயிறு, கயிறு பிடிக்கிறவன் டோரியா. அகராதியைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர், சரஸ்வதி மஹால் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். கொள்ளையைக் குறிக்கும் அந்தச் சொல்லும் இதே அகராதியில்தான் இருக்கிறது. படங்களின் கீழே கையெழுத்தில் நாயின் பெயர் இருக்கும். டோரியாவின் பெயர் பெரும்பாலும் இருக்காது. சில சமயம் 'வேலைக்காரன்' என்றுகூட இருக்காது.

வங்கியில் உட்கார்ந்து நாளெல்லாம் ஃபாரங்களில் ஒட்டிய முகங்களைக் கையெழுத்தோடு ஒத்துப்பார்க்கிற வேலை எனக்கு. அங்கே பெயர் எழுதாத படம் படமே அல்ல, திருப்பிக் கொடுத்துவிடுவோம். அந்தப் பழக்கதோஷமோ என்னவோ, இந்த ஆல்பங்களில் என் கண் முதலில் போவது பெயர் இல்லாத முகத்துக்கு. நாய் அசையாமல் நின்றது அவனால். அவனும் அசையாமல் நின்றான், நிற்க வைக்கப்பட்டவன் அவனும்தான். ஆனால் அவனை நிறுத்த யாரும் கயிறு பிடிக்க வேண்டியிருக்கவில்லை. நம் யதார்த்தக் கதைகளில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதையைவிட்டே போய்விடுகிற வேலைக்காரனும் இவனும் ஒரே ஜாதி என்று சொல்லத் தோன்றுகிறது. 'இருப்பதை இருந்தபடி' என்கிறபோது எவன் அதை இருந்தபடி இருக்கச் செய்தான் என்று விமர்சகன் கேட்டால் போதும். வசை தானாகவே உதிர்ந்துவிடும்.

1871-ல் மாடாக்ஸ் என்ற ஆங்கில டாக்டர் ஜெலட்டின் தகட்டை அறிவித்தார். அந்தப் பத்தாண்டின் கடைசிக்குள் அது கடையில் கிடைத்தது. விநாடி பின்னமாயிற்று. கயிறு பிடிப்பதற்கான ரசாயனக் காரணம் இத்தோடு தீர்ந்தது. 1884 முதல் ஃபிலடெல்ஃபியாவில் மைப்ரிஜ் வரிசையாகக் காமிராக்களை வைத்து ஓடுகிறவை, நடப்பவை எல்லாவற்றையும் எடுத்தார். 1887-ல் வெளியான தொகுதியில் 781 தகடுகள். அவற்றில் நாய்களும் உண்டு. பழைய ஓவியர்கள் பந்தயக் குதிரையை முன்னங்கால்கள் முன்னும் பின்னங்கால்கள் பின்னுமாக நீட்டி ஆகாயத்தில் மிதக்கவிட்டது தவறு என்று மைப்ரிஜின் குதிரைப் படங்கள் காட்டிவிட்டன என்பது எல்லாரும் அறிந்த கதை. குதிரை தரையைவிட்டு எழும்புவது கால்கள் வயிற்றடியில் சுருங்கும்போது. ஆனால் வேட்டை நாய் ஒரு பாய்ச்சலில் இரண்டுமுறை தரையை விடுகிறது. உடல் சுருங்கும்போது ஒருமுறை, உடல் நீளும்போது ஒருமுறை. ஓவியர்கள் குதிரைக்குப் போட்ட அந்தப் பொய்க் கால்கள் நாய்க்கு நிஜக் கால்கள்! கலையின் 'தவறு' பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போகலாம்.

கோடக் 1888-ல் வந்தது. 1900-ல் ஒரு டாலருக்கு ப்ரௌனி பெட்டி. இனி யாரும் எடுக்கலாம். எடுத்தார்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்பதே பெட்டிக் காமிராக்காரர்களுக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம். அதன் விளைவு, லட்சக்கணக்கான நாய்ப் படங்களில் புல்தரைமேல் எடுக்கிறவனின் நிழல் நாயை நோக்கி நீண்டு விழுந்திருக்கிறது. கை போய் நிழல் வந்தது. எங்கள் வீட்டில் அப்பாவின் ஆக்ஃபா க்ளிக் ஒன்று இருந்தது, பரோடாவில் செய்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம், அதில் ஒன்றை நாய்க்காகச் செலவழிப்பது ஊதாரித்தனம் என்பது அம்மாவின் கட்சி. அப்படியும் ஒன்று எடுத்திருந்தார். வாசலில் மணி என்ற நாய், வால் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புகை, மண்ணில் அப்பாவின் தலை.

கயிற்றை மறந்துவிட்ட படங்களும் உண்டு. 1911-ல் பாரிஸில், பதினேழு வயதுகூட நிரம்பாத லார்த்திக், ரோமப் போர்வை அணிந்த நாகரிகப் பெண் ஒருத்தி இரண்டு நாய்களோடு நடந்துபோவதை எடுத்தான். பெண்ணுக்குத் தன்னைப் பார்க்கிறார்கள் என்ற பிரக்ஞை உச்சத்தில் இருக்கிறது, நாய்களுக்கு இல்லை. இந்த வித்தியாசமே அந்தப் படம். ஐம்பது வருஷங்களுக்குமேல் அவன் ஆல்பத்தில் கிடந்து 1963-ல்தான் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் லார்த்திக்கை உலகத்துக்குக் காட்டியது. 2023-ல் மறைந்த எலியட் எர்விட் இன்னும் ஒருபடி கீழே இறங்கினார், நிஜமாகவே கீழே. காமிராவை நாயின் உயரத்துக்கு இறக்கினார். 1974-ல் நியூயார்க்கில் எடுத்த அவருடைய பிரசித்தமான படத்தில் குல்லாய் போட்ட சின்ன நாய் முழுசாக இருக்கிறது. பக்கத்தில் ஒரு பெண்ணின் பூட்ஸ் கால்கள், அதற்குப் பக்கத்தில் வேறு இரண்டு நீண்ட கால்கள். அவை ஒரு பெரிய நாயின் முன்னங்கால்கள் என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் உறைக்கிறது. எஜமானிக்கு முகம் இல்லை. டோரியாவுக்கு நேர்ந்தது இங்கே எஜமானிக்கு நேர்கிறது. எர்விட் சிரித்துக்கொண்டே செய்கிறார்; சிரிப்பதாலேயே இவரைக் கனமில்லாதவர் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் சம்மதமில்லை. நாயைத் துள்ள வைக்க அதனிடம் அவரே குரைப்பாராம். குரல் கட்டளையாக இல்லாமல் நாயின் பாஷைக்குப் போய்விட்டது. மோரியாமா 1971-ல் மிசாவாவில் எடுத்த தெருநாய்க்கு எஜமானனே இல்லை. கரடுமுரடான கறுப்பில் தலையைத் திருப்பிப் பார்க்கிறது. அபாரமான படம். ஆனால் அது என் விஷயத்துக்கு வெளியே. அங்கே கயிறு ஆரம்பத்திலிருந்தே கிடையாது.

'எஜமானனின் குரல்' என்றதும் நம் வீடுகளில் எல்லாருக்கும் ஞாபகம் வருவது இசைத்தட்டு நாய்தான். அந்த நிப்பர் 1895-ல் செத்துப்போனது. ஓவியர் பராடு அதை வரைந்தது 1898-ல். இல்லாத நாயை, இல்லாத குரலைக் கேட்க வைத்தார். அதே கம்பெனி காப்டன் ஸ்காட்டின் அண்டார்டிகா பயணத்துக்கு கிராமபோன் கொடுத்தபோது, உடன்போன புகைப்படக்காரர் ஹெர்பர்ட் பான்டிங் 1911-ல் பனிமேல் அதை வைத்து முன்னால் ஒரு நாயை உட்கார வைத்துப் படம் எடுத்தார். விளம்பரம் நிஜமாயிற்று. குளிரில் மணிக்கணக்காக 'இப்படி நில், அப்படித் திரும்பு' என்று அவர் படுத்தியதில் கூட இருந்தவர்கள் அவர் பெயரையே ஒரு வினைச்சொல்லாக்கிவிட்டார்கள்: பான்ட் பண்ணுவது என்றால் படத்துக்காக நிற்பது.

மூன்று வருஷம் கழித்து ஷாக்கிள்டனோடு அதே திசையில் போன ஆஸ்திரேலியர் ஃப்ராங்க் ஹர்லி வேறு மாதிரி ஆள். 1914 அக்டோபரில் பியூனஸ் அயர்ஸிலிருந்து கிளம்பிய 'எண்டுரன்ஸ்' கப்பலில் அறுபதுக்கு மேற்பட்ட நாய்கள் இருந்தன. வண்டி இழுக்கக் கொண்டுபோனவை, செல்லத்துக்கு அல்ல. 1915 ஜனவரியில் கப்பல் பனியில் மாட்டிக்கொண்டது. இழுக்க வண்டி இருந்தது, போக இடம் இல்லை. வேலை இல்லாத நாய் என்ன ஆகும்? வளர்ப்பு நாய் ஆகும். ஒவ்வொரு மாலுமியும் தன் நாய்களைக் கொஞ்ச ஆரம்பித்தான். பனிக்கட்டியில் அவற்றுக்கு வீடு கட்டினார்கள். ஜூன் 15-ம் தேதி, துருவத்தின் பகல் இருட்டில் பந்தயம் நடந்தது. சாக்லேட்டும் சிகரெட்டும் பணயம். ஹர்லிக்கும் சொந்தமாக ஒரு அணி இருந்தது. அதன் தலைமை நாய் ஷேக்ஸ்பியர்.

ஹர்லி அந்த நாய்களைத் தனித்தனியாக, ஒரு வம்சத்துப் பெரியவர்களை எடுப்பதுபோல எடுத்தார். வெள்ளை வெளி, கருத்த மயிர், நாசியில் உறைந்த மூச்சு. பனியின் வெளிச்சத்துக்கு அளவு வைத்தால் நாய் மைக்கூடாகும், நாய்க்கு வைத்தால் பனி காகிதமாகும், இரண்டையும் காப்பாற்றியிருக்கிறார். படங்களில் கயிறு தேவைப்படவில்லை. சுற்றிலும் ஓடிப்போக இடமில்லாத கடல். டாம் க்ரீன் நான்கு குட்டிகளை இரண்டு கைகளாலும் அள்ளி அணைத்தபடி நிற்கிற படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். கொக்கியில் தொங்குகிற மாதிரி ஒரு பைப் வாயில், குட்டிகள் நான்கும் நான்கு திசையில்.

1915 அக்டோபர் கடைசியில் பனி கப்பலை நொறுக்கியது. எல்லாரும் இறங்கினார்கள். உணவு கணக்காயிற்று. மிக இளைய குட்டிகளையும் தச்சரின் பூனையையும் சுட வேண்டும் என்று ஷாக்கிள்டன் உத்தரவிட்டார். குட்டிகளைக் கொண்டுபோய்ச் சுட்டவர் அதே டாம் க்ரீன். குரூரம் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை; 28 பேர், பனி, சாப்பாடு இல்லை.

நவம்பரில் ஹர்லி முழுகிக்கொண்டிருந்த கப்பலுக்குத் திரும்பிப்போய், சட்டையைக் கழற்றிவிட்டுப் பனிச் சேற்றுத் தண்ணீரில் இறங்கி, ஈயம் வைத்து மூடிய பெட்டிகளிலிருந்த தன் கண்ணாடித் தகடுகளை எடுத்தார். அத்தனையையும் சுமக்க முடியாது. அவரும் ஷாக்கிள்டனும் பனிமேல் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 120 வைத்துக்கொள்வது. வேண்டாம் என்று ஒதுக்கிய சுமார் நானூற்றை அங்கேயே உடைத்தார்கள், பின்னால் மனம் மாறாமல் இருக்க. காமிராக்களையும் விட்டுவிட்டு, கைக்கு அடக்கமான ஒரு கோடக்கும் மூன்று சுருளும் மட்டும் அவர் வைத்துக்கொண்டார். புகைப்பட சரித்திரத்தில் இதைப்போல ஒரு எடிட்டிங் நடந்ததில்லை என்று நினைக்கிறேன். தேர்ந்தெடுத்த தகடுகளில் நாய்கள் இருந்தன.

1916 ஜனவரியில் நாய்களின் முறை வந்தது. அணி அணியாகப் பனிமேட்டுக்குப் பின்னால் நடத்திப்போனார்கள். பெரும்பாலும் சுட்டது ஃப்ராங்க் வைல்ட். ஹர்லியின் அணியும் போயிற்று, ஷேக்ஸ்பியரும். மிச்சமிருந்தவை ஏப்ரல் பிறப்பதை ஒட்டிச் சுடப்பட்டன. அவற்றை அவர்கள் தின்னவும் செய்தார்கள். ஒவ்வொன்றின் பெயரும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறது. விண்ட்ஸரில் மாதிரியே.

எலிஃபண்ட் தீவில் 22 பேர் காத்திருந்து, 1916 ஆகஸ்ட் 30-ம் தேதி ஒரு சிலி நாட்டுப் படகு வந்து மீட்டபோது ஹர்லியின் பெட்டியும் கூடவே ஏறியது. அந்தத் தகடுகளும் பிரதிகளும் இன்று சிட்னியிலும் லண்டனிலும் இருக்கின்றன. திரும்பிவந்ததும் சினிமாவும் காட்சியும் தயாராயின. படத்தில் மிருகங்கள் போதாது என்ற பேச்சு வந்ததால், 1917-ல் அவர் மறுபடி தெற்கே தென் ஜார்ஜியா தீவுவரை போய்ப் பெங்குவின்களையும் கடல் யானைகளையும் எடுத்துக்கொண்டு வந்தார். நாய்களை எடுக்க வேண்டியிருக்கவில்லை. அவை பெட்டியில் இருந்தன.